இருநூற்றுப் பதினாலாம் எண் கோட்டு

சலவைக்கடை மருமகள் படம் வரைகிறாள் என்ற சேதி அந்தத் தெருவில் யாருக்கும் பிடிக்கவில்லை. கடையை ஆண்டுகொண்டிருந்த நாத்தனாருக்கோ அறவே ஆகவில்லை.

"வெளுக்கப் போட்ட துணிய வெச்சுப் படம் வரையறாளாம். அடுத்து என்ன, பக்கெட்டுக்குச் சட்டம் போடுவியா?" என்று வாடிக்கையாளர்கள் காதுபடவே கேட்பாள். கணவன் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். அக்காளுக்கு எதிர்ப்பேச்சு அவன் வாயில் ஒருநாளும் பிறந்ததில்லை.

ஏழு வருஷம்! மதியம் கடை சாத்தும் இரண்டு மணி நேரம், துணி மடிக்கும் மேசையின் ஓரம், எண்ணெய்ச் சாயம். அவள் பூவை வரையவில்லை, மலையை வரையவில்லை. உடுப்புகளை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப்போட்டு வரைந்தாள். நைந்த காலர், அக்குளில் உப்புப் பூத்த கோடு, எதற்கும் போகாத மஞ்சள் கறை.

படத்தைத் தூக்கிக்கொண்டு காட்சிக்கூடம் காட்சிக்கூடமாக ஏறி இறங்கினாள். "அழுக்குத் துணிய யாரும்மா சுவத்துல மாட்டுவா? சோபா கலருக்குப் பொருத்தமா ஏதாவது கொண்டா" என்றார்கள். கடைசியாக ஒரு கூடக்காரர், வேறொரு ஓவியர் வராமல் காலியாகிப்போன ஒரு வாரத்தை அவளிடம் தள்ளிவிட்டார். ஆள் வந்தால் வருஷா வருஷம் இடம். வராவிட்டால் அந்த வாசலை அவள் மறந்துவிட வேண்டும்.

ஐந்து நாள் ஈ, காக்கைகூட வரவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஒருவர் மட்டும் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

ஆறாம் நாள் காலை, நாத்தனார் முன்னே வர, தெருவே திரண்டு வந்தது. ரசிக்க அல்ல.

வம்புக்குக் காரணம் கூடக்காரர் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டிய விளம்பரம். அதில் அவள் வரைந்த கறுப்புக் கோட்டு இருந்தது. கடைக்கு வரும் ஒவ்வொரு துணியின் உட்புறத்திலும் வாடிக்கையாளரின் எண்ணைத் துணித்துண்டில் எழுதித் தைப்பார்கள். அதையும் அப்படியே வரைந்திருந்தாள். பெயர்தான் போடவில்லையே என்று நிம்மதியாக இருந்தாள், பேதை! இருபது வருஷமாகக் கடை வாசலில் எண்ணைச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள்? அந்தத் தெருவில் எண்தான் பெயர். இருநூற்றுப் பதினாலு என்றால் முனைவீட்டு வக்கீல் என்று குழந்தைக்கும் தெரியும். வெளியே மடிப்புக் கலையாத அந்தக் கோட்டின் உள்துணி கிழிந்து, பழைய போர்வைத் துண்டால் ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதோ, நேற்றுவரை யாருக்கும் தெரியாது.

"நம்பித் துணி குடுத்தா மானத்தயா காயப்போடுவ?" என்று வக்கீல் சுவரிலிருந்த கோட்டுப் படத்தைக் காட்டினார். "கோர்ட்டு வாசல்ல, போர்வை வக்கீல்ங்கறான் ஒருத்தன்!"

"அந்த மஞ்சள் கறை நம்ம வீட்டுதுதானேன்னு என் மருமகளே கேட்டுட்டா!" என்று ஒரு அம்மாள் பக்கத்துப் படத்தைக் காட்டி மூக்கைச் சிந்தினாள்.

"இனிமே கடைப்பக்கம் கால வெச்ச, நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, நான் கேலி பண்ணணும்னு..."

"வாய மூடு!"

கூடக்காரர் அவளை ஓரமாக இழுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "விடும்மா, கத்தட்டும். பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு இதவிடக் கூட்டம். வருஷா வருஷம் உனக்கு இடம், போதுமா? கோட்டு மட்டும் கீழ எறங்கக் கூடாது."

ஏழு வருஷமாக ஏங்கிய வார்த்தை. அது காதில் விழுந்ததும் அவள் நேரே சுவரிடம் போனாள். கோட்டுப் படத்தைக் கழற்றி, தன் சாயப்பெட்டியில் இருந்த சுரண்டும் கத்தியோடு வக்கீலிடம் நீட்டினாள்.

"தப்பு என்னோடதுதாங்க. கேக்காம வரைஞ்சுட்டேன். கிழிச்சுருங்க."

வக்கீல் கத்தியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஒட்டின் விளிம்பில் விரலை வைத்து எண்ணினார்.

"ஆறு தையல் போட்டிருக்க."

"ஆமாங்க."

"ஏழு! ஆஸ்பத்திரிப் படுக்கையில உக்காந்து என் சம்சாரம் போட்ட தையல். ஏழாவதுல ஊசி குத்தி ரத்தம் வந்துச்சு. ஏழு வருஷமா வரையறாளாம், எண்ணத் தெரியல!" கண் கலங்கியது, குரலில் கோபம் குறையவில்லை. "நம்பர அழி. தையலப் போடு. இப்பவே, என் கண்ணு முன்னால!"

"காட்சிக்கு வெச்ச படத்துல கை வெச்சா, அடுத்த வருஷம் இடம் கெடையாது, சொல்லிட்டேன்!" என்று கூடக்காரர் பாய்ந்தார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எண்ணின் மேல் கறுப்பைப் பூசினாள். பிறகு மெல்லிய தூரிகையை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும், சொல்லுங்க."

"எடப்பக்கம். அவ்வளவு நீளம் இல்ல, கொறை. வலியில கை இழுத்துக்கிச்சு அவளுக்கு."

சுற்றி நின்றவர்கள் கத்துவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மூக்கைச் சிந்திய அம்மாள் நாத்தனாரை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"அந்தாளுக்கு முடிச்சுட்டு என்னோடதுக்கு வா. நம்பர எடுக்கணும். அதோட, அது கறையில்ல, என் பேரனுக்குக் கலக்குன மருந்து. நெறத்த மாத்து."

"சரிம்மா. இருங்க, வரேன்" என்றாள் அவள், தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.