சயாம் பெர்மிட்டும் துரையின் மோட்டார் காரும்

சயாமில் ஆற்றடியில் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பலுக்கு ஃபிட்டர் வேண்டும், வெள்ளிக்கிழமைக் கப்பலில் வா என்று கடிதம் வந்தபோது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசாங்கம் தரும் பெர்மிட் என்னிடம் இல்லை. அன்று செவ்வாய். வெளியூர் வேலைக்கு விண்ணப்பிக்கப்போகும் நம் ஈப்போ வொர்க்‌ஷாப் தம்பிகளுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

1. கை

நான் செய்த முதல் தப்பு, குளித்தது. "துரைய பாக்கப் போற. இந்தக் கோலத்துல போனா வாசல்லயே வெரட்டிருவாங்க லா. என் கோட்டப் போட்டுக்க மச்சான்" என்றான் கூட்டாளி வீரையா. மண்ணெண்ணெய், மணல், சவுக்காரம் போட்டு நகக்கண் வெளுக்கும்வரை கையைத் தேய்த்துக்கொண்டு, புதன்கிழமை பத்து காஜா ஊரில் பெர்மிட் தரும் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி என் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"தம்பி, இது ஃபிட்டரின்ர கையே? பள்ளிக்கூட வாத்தியாரின்ர கை மாதிரியெல்லோ கிடக்கு."

"சர்டிபிகேட் இருக்குங்கய்யா. நாலு வருஷம் அப்ரண்டிஸ்."

"கடுதாசியைக் காசு குடுத்து ஆரும் வேண்டலாம். கையை வேண்டேலாது."

உள்ளே, பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் வெள்ளைக்காரத் துரைக்கும் அதே சந்தேகம். ஒரு வாரமாகக் கிளம்பாத தம் மோட்டார் காரைக் காட்டினார். இரவல் கோட்டோடு காருக்கடியில் புகுந்தேன். பெட்ரோலில் தூசி, கார்புரேட்டர் ஜெட் அடைத்திருந்தது. கழற்றி, ஊதி, மாட்டி, ஹாண்டிலைச் சுற்றினேன். கார் உறுமியது. ஆபீசே கைதட்டியது.

துரை என் கரிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தில் சந்தோஷமாக மூன்று வரி எழுதினார். கிராணி வாசித்துச் சொன்னார்: "நீர் நல்ல கெட்டிக்காரனாம். இப்படிப்பட்டவரைச் சயாமுக்கு விடேலாதாம். பெர்மிட் இல்லை."

"அப்ப வேல தெரியாதவனா இருந்தா?"

"அவனை ஆர் தம்பி மறிக்கப்போகினம்?"

2. கிராணியின் கழுத்துப்பட்டி

ரயில் ஸ்டேஷனுக்கு நடக்கத் தொடங்கினேன். பாதி வழியில் புத்தி வந்தது. திரும்பி ஓடினேன்.

"ஐயா, இது வித்தையே இல்ல. நீங்களே செய்யலாம். வாங்க, காட்டுறேன்."

"எனக்கோ? நான் பேனா பிடிக்கிற ஆள்!"

என்றாலும் வந்தார். கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு குனிந்தார். ஜெட்டில் நானே துளி மண் வைத்தேன். மூன்று முறை தவறவிட்டார். இரண்டு முறை என்னைத் திட்டினார். நாலாம் முறை அவர் ஹாண்டிலைச் சுற்றியதும் கார் உறுமியது. சத்தம் கேட்டு வெளியே வந்த துரை, மூக்கில் கரியோடு நின்ற கிராணியைப் பார்த்தார். கிராணியே செய்யும் வேலைக்குத் தனி ஆள் எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். என் விண்ணப்பத்தை வாங்கி, மூன்று வரியையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினார்: 'தனித்திறமை ஏதுமில்லை. போகலாம்.'

வெள்ளிக்கிழமை பினாங்கில் கப்பல் ஏறினேன்.

3. பாடம்

வேறு ஊருக்குப் போக நினைப்பவர் தம் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டும். இல்லாவிட்டால் விடமாட்டார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். அடுத்த மாதம் வீரையாவின் கடிதம் வந்தது. கிராணி யாழ்ப்பாணம் போக லீவு கேட்டாராம். கார் பழுது பார்க்கத் தெரிந்த ஒரே ஆளை விடமுடியாது என்று துரை மறுத்துவிட்டாராம்.

ஆகவே, கற்றுக்கொடுக்குமுன், கற்றுக்கொள்பவருக்கும் ஊர் போகும் எண்ணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.