சுவரை விட்டு முன்னாடி வாங்க

குரூப் போட்டோவுக்கு நில்லுங்கள் என்று சொன்னால் போதும், மனிதர்கள் நேராகப் போய்ச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூடமோ ஆபீஸோ விளையாட்டுக் குழுவோ, எங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்தப் போட்டோக்காரியின் முதல் வேலை அவர்களைச் சுவரிலிருந்து பிய்த்தெடுப்பதுதான். "முன்னாடி வாங்க, இன்னும் முன்னாடி வாங்க" என்று கத்திக் கத்தியே அவளுக்கு 'முன்னாடி வாங்க அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

பாஸ்போர்ட் சைஸ் படங்களை வெட்டி உறையில் போடும் வேலையில் ஆரம்பித்தவள். கேமரா கைக்கு வந்த நாளிலிருந்து ஒரே பைத்தியம். பின்னால் இருக்கிற கண்றாவியெல்லாம் மங்கிக் கரைந்து போக வேண்டும், முன்னால் நிற்கிற அத்தனை முகமும் பளிச்சென்று விழ வேண்டும். ஒற்றை ஆள் என்றால் இது சுலபம். லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்தால் பின்னணி காணாமல் போய்விடும். இரண்டு வரிசை என்றால்தான் வம்பு. முன்வரிசை தெளிவாக இருக்கும், பின்வரிசையும் சுவரோடு சேர்ந்து கரைந்துவிடும்.

அந்த வம்பு அவள் வீட்டுக்குள்ளேயே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் குடும்பப் படம் எடுத்தாள். பக்கத்து வீட்டுச் சுவரில் பல் டாக்டர் போர்டு, அதில் ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல். அதை மறைக்கிறேன் பேர்வழி என்று லென்ஸை முழுசாகத் திறந்தாள். பல்லும் மறைந்தது, பின்வரிசையில் நின்ற ஓர்ப்படியின் முகமும் மறைந்தது. மூத்த மருமகளான அவள் வீட்டிலேயே உயரம், பின்வரிசையைத் தவிர அவளுக்கு வேறு இடம் கிடையாது. "எல்லாரும் மனுஷங்களா இருக்காங்க, நான் மட்டும் ஆவியா?" என்று அவள் கேட்டபோது ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் சிரித்து முடிந்திருக்கும். இவளோ தொழில் கௌரவத்தைக் காப்பாற்றப் போய், "நீங்க அசைஞ்சுட்டீங்கக்கா" என்று சொல்லிவிட்டாள். போதாக்குறைக்கு மாமனார், தன் முகம் ஜோராக விழுந்திருக்கிறது என்று அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டிவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, இவள் மாடியில், அவள் கீழே. "மாடிச் சாவி எங்கன்னு அவகிட்ட கேளுங்க" என்று, எதிரே நிற்கிறவளைப் பற்றி மாமியாரிடம் சொல்வாள் ஓர்ப்படி. மாமியார் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தவர்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இவளுக்கு வீடு வீடாகவே இல்லை.

இப்போது ஓர்ப்படியின் புருஷனுக்கு வெளிநாட்டில் வேலை. நாளைக் காலையில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள், திரும்பி வர எத்தனை வருடமோ. போகிறதற்குள் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று மாமனார் பிடிவாதம் பிடித்தார். மாமியார் கெஞ்சிக் கூத்தாடி ஓர்ப்படியை வாசலுக்குக் கொண்டுவந்தார். இதையும் கோட்டை விட்டால் அவள் அந்தக் கோபத்தோடேயே விமானம் ஏறிவிடுவாள்.

ஆனாலும் கை பரபரவென்றது. இந்த இரண்டு வருடத்தில் இவள் வித்தையைப் பிடித்துவிட்டாள். துவாரத்தைப் பாதி மூடினால் இரண்டு வரிசையும் தெளியும். பின்னணியை மங்க வைக்கத் தூரத்தை நம்ப வேண்டும். ஆட்கள் சுவரை விட்டு நன்றாக விலக வேண்டும், தூரத்தை இழுத்துக் காட்டும் நீள லென்ஸோடு இவளும் ஆட்களை விட்டு விலக வேண்டும்.

"மாமா, சுவரை விட்டு முன்னாடி வாங்க."

"ஏம்மா, கஷ்டப்பட்டுக் கட்டின வீடு, படத்துல தெரிய வேணாமா?"

"வீடு எங்கயும் போகாது மாமா. போறவங்கதான் போறாங்க."

மாமனார் சுவரை விட்டு நகர்ந்தார். கேட்டைத் திறந்து மொத்தக் குடும்பத்தையும் நடைபாதை வரைக்கும் ஓட்டி வந்தாள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாற்காலி, மற்றவர்கள் பின்னால். அப்புறம் ரோட்டைத் தாண்டி ஓடினாள். அதுவும் போதாமல் எதிரே இருந்த காலி மனையின் கோடி வரைக்கும் போனாள். கேமராவில் கண்ணை வைத்தால், அடடா, பல்லைக் காணோம்! சுவர், போர்டு எல்லாம் கலைந்து வெறும் வெளிச்சமாக இருந்தன. குதிக்கலாம் போலிருந்தது.

ஆனால் பின்வரிசை நாற்காலியை விட்டுத் தள்ளி நின்றது. ஓர்ப்படி வேண்டுமென்றே இன்னும் அரையடி தள்ளி நின்றாள். இவள் கத்தினாள். போகிற லாரிகளின் இரைச்சலில் ஒருவர் காதிலும் விழவில்லை. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. புருஷனுக்கு ஃபோன் செய்தாள், அவர் ஃபோனை வீட்டுக்குள் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தார். லென்ஸ் வழியாக ஒவ்வொரு கையாகத் தேடினாள். ஃபோன் இருந்தது ஒரே ஒரு கையில். ஓர்ப்படியின் கையில்.

அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தாள். லென்ஸுக்குள் ஓர்ப்படி குனிந்து திரையைப் பார்ப்பது தெரிந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நிமிர்ந்து ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, பின்னாடி நிக்கிறவங்களை நாற்காலியோட ஒட்டி நிக்கச் சொல்லுங்க."

மூச்சு மட்டும் கேட்டது. திடீரென்று, "எல்லாரும் ஒட்டி நில்லுங்க! அவ சொல்றா!" என்று ஒரு முழக்கம். வரிசை கப்பென்று ஒட்டியது.

"மாமாவைத் தாடையை இறக்கச் சொல்லுங்க."

"மாமா, தாடை!"

"உங்க வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழட்டிட்டாரு."

"அழகு பார்த்தது போதும், மாட்டுங்க!"

மொத்தக் குடும்பமும் சிரித்தது. இவளுக்குக் கேமரா குலுங்கியது.

"இப்ப நீங்க முன்னாடி வாங்கக்கா."

ஓர்ப்படி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"முன்னாடி வாங்கக்கா. அன்னைக்கு நீங்க அசையல. தப்பு என்னோடதுதான்."

ஓர்ப்படி அரையடி முன்னால் வந்தாள். ஃபோன் காதிலேயே இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். இவள் படமாக எடுத்துத் தள்ளினாள்.

குடும்பம் கலைந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. ஃபோன் மட்டும் துண்டிக்கப்படவில்லை. இவள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் தெளிவா விழுந்திருக்காங்களா?" என்றது சட்டைப் பை.

"விழுந்திருக்காங்கக்கா."

"நான்?"

"உங்க கண்ணு கலங்கியிருக்கிறதுகூடத் தெரியுது."

சட்டைப் பையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம், "தப்பு உன்னோடதுன்னு சொல்றதுக்கு ரோட்டைத் தாண்டிப் போகணுமாடி உனக்கு? ஒரு மாடிப்படி இறங்கி வந்திருந்தா போதாது?"

இவள் பதில் சொல்ல நிமிர்ந்தபோது, லாரிக்காரன் அடித்த ஹாரனைச் சட்டை செய்யாமல், ஃபோனைக் காதில் வைத்தபடியே ஓர்ப்படி ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.