மாவு மூட்டைச் சட்டை

தொண்ணூத்தியொன்னுல என் தம்பிக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. அன்னிக்கு மண்ணூர் கோயில்ல எங்களுக்குப் போன மானம் வேற யாருக்கும் போயிருக்காதுன்னு ரொம்ப நாள் நெனச்சிக்கினு இருந்தேன்.

எல்லாம் அந்தச் சட்டையாலதான். அம்மா பொறந்தப்ப தாத்தா கையால தச்சது. கோயில்ல தர்மத்துக்குக் குடுத்த அமெரிக்கா மாவு வந்த மூட்டைத் துணி. கூடவே ஒரு குல்லா. அம்மா, சித்தி, அப்புறம் நான், எல்லாருக்கும் அதுலதான் ஞானஸ்நானம். எத்தினி வாட்டி தொவச்சாலும் நெஞ்சுல இருந்த நீல எழுத்து மட்டும் போவல.

சித்தி பெரம்பூர்லருந்து நைலான் கவுன் வாங்கியாந்துருந்தாங்க. அடுக்கடுக்கா ஜாலர். எனக்கே போட்டுக்கணும் போல இருந்துது.

"இதப் போடு. அந்த மூட்டைய எட்த்து உள்ள வையி"ன்னாரு அப்பா.

"எம்புள்ளைக்கு அதான் போடுவேன்."

"இன்னாக்கா கீது அதுல? கரித்துணி மாதிரி"ன்னு சித்தி சிரிச்சாங்க.

"நீயும் அதுல கெடந்தவதான்டி. வாய மூடு."

"ஊரே சிரிக்கும்டி"ன்னு அப்பா கத்துனாரு. அம்மா ஏன்னு ஒரு வார்த்தை சொல்லல, அழுதாங்க. நானும் அப்பா கட்சிதான். காலைல பாத்தா தம்பி நைலான் கவுன்ல ஜம்முனு கீறான். அப்பாடான்னு இருந்துது.

கோயில்ல தம்பி ஒரே கத்தல். மூஞ்சி செவந்து, வேர்த்துக் கொட்டுது அவனுக்கு. நெஞ்சுல எண்ணெய் பூசணும், சட்டையக் கொஞ்சம் தெறங்கன்னாரு ஃபாதர். அம்மா அசையல. ஞானத்தாயா நின்ன சித்திதான் பட்டன அவுத்தாங்க. உள்ள இன்னொரு சட்டை. மூட்டைத் துணி.

சித்தி பையன் இங்கிலீஷ் மீடியம். எட்டிப் பாத்து சத்தமாப் படிச்சான். "நாட் டு பி சோல்ட்... அம்மா, பாப்பாவ விக்கக் கூடாதாம்!"

"அட, நான் வாங்கலாம்னு வந்தேனே"ன்னு பின்னாடிலருந்து ஒருத்தர். கோயிலே சிரிச்சிது. அப்பா தலையத் தொங்கப் போட்டுக்கினாரு. என் கிளாஸ் பசங்க எல்லாம் பாக்கறாங்க. நான் போயி தூணுக்குப் பின்னாடி நின்னுக்கினேன், அவங்க யாரோ நான் யாரோன்னு. அம்மா மட்டும் ரெண்டு சட்டையையும் வெலக்கிப் புடிச்சிக்கினு "பூசுங்க ஃபாதர்"ன்னாங்க.

போன மாசம் தம்பி ஷிப்ட் முடிச்சிட்டு வரும்போது ஒரகடம் ரோட்ல லாரி மோதிடுச்சு. பத்தொம்பது வயசு. பொட்டிய மூடறதுக்கு முன்னாடி அம்மா பீரோவத் தெறந்து அந்தச் சட்டையும் குல்லாவும் எட்த்தாந்து, மடிச்சு, அவன் கைக்கு அடில வச்சாங்க.

சித்திதான் அழுதுக்கினே சொன்னாங்க, அவங்களுக்கே ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுதாம். பச்சப் புள்ள செத்தா ஞானஸ்நானச் சட்டையோட பொதைக்கறது எங்க பழக்கமாம். அம்மாவுக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் கடைல வாங்குன சட்டையோட அப்டிதான் போச்சாம். அப்புறந்தான் தாத்தா மூட்டையக் கிழிச்சுத் தச்சிருக்காரு. அதப் போட்ட புள்ள ஒண்ணு கூடப் போவல. அதனாலதான் சட்டை வூட்லயே இருந்துது. நல்ல காரியத்தப்ப சாவப் பேச அம்மாவுக்கு வாய் வரல போல.

அன்னிக்கு ரெண்டு சட்டையையும் புடிச்சிக்கினு நின்னப்ப அம்மா கை நடுங்குச்சு. தூணுக்குப் பின்னாடிலருந்து பாத்தேன். வெக்கத்துல நடுங்குதுன்னு நெனச்சேன்.