இரண்டு சாவிக்கு ஒரு விரல்

குனிந்துதான் வேலையைத் தொடங்குவார் கார்குழலி. கட்டைவிரல் நீளமே உள்ள, பென் டிரைவ் போன்ற அலுவலகச் சாவி தாலிக்கயிற்றில், இரண்டு ஊக்குகளுக்கு நடுவே தொங்குகிறது. அதைக் கழற்றாமல் கணினியில் செருக வேண்டுமென்றால் கழுத்தும் கூடவே போயாக வேண்டும். பக்கத்து இருக்கை மேனகா, "என்னாக்கா, கம்ப்யூட்டருக்குக் கும்புடு போடுறியா?" என்பாள். "கழட்டி வச்சா காணாப் போவும். இது போனா வேலயும் போவும்டி," என்பார்.

வெளியூர் மருத்துவமனைகளின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் அலுவலகம் அது, உப்பளம் என்ற பகுதியில். முன்பெல்லாம் மாதத்துக்கொரு புது பாஸ்வேர்டு கேட்டார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் வேண்டும். பழையது கூடவே கூடாது. "புள்ளைங்க பேரு தீந்துச்சு, கொலசாமி பேரு தீந்துச்சு, இன்னும் எவன் பேரத்தான் வைக்கிறது?" என்று கார்குழலி தலையில் அடித்துக்கொள்வார். எல்லோரும் மறந்து மறந்து விழித்ததில் நிர்வாகமே அலுத்துப்போய் ஆளுக்கொரு சாவி கொடுத்தது. திரை பத்து நிமிடம் சும்மா இருந்தால் பூட்டிக்கொள்ளும். சாவியைச் செருகி அதன் வட்டத்தில் விரல் வைத்தால் திறக்கும். யார் விரல் என்று அது பார்க்காது. வந்தது வினை!

மேனகாவின் மகன் படிக்கும் மூலக்குளம் பள்ளி மூன்றரைக்கு விட்டுவிடும். மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு அவனை அழைத்துவர ஆளில்லை. அவள் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுத் திரும்பும்வரை திரை பூட்டிக் கிடந்தால் அரை நாள் விடுப்பு எழுதிவிடுவார்கள். அதனால் சாவியைச் செருகியே வைத்துவிட்டு, "தொட்டு வுட்டுடுக்கா" என்று ஓடுவாள். கார்குழலி தன் வேலைக்கு நடுவே எழுந்தெழுந்து போய்த் தொடுவார். முழங்கால் விண்விண் என்று தெறிக்கும். வாய் திட்டும், விரல் தொடும்.

இன்று காலை மேலாளர் கோபிநாத் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார்: "அடுத்தவங்க சாவியத் தொட்டா, தொட்டவங்களும் வூட்டுக்கு, குடுத்தவங்களும் வூட்டுக்கு. கேமரா இருக்கு, பாத்துக்குங்க." கார்குழலி கழுத்துச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மில் மூடியதிலிருந்து கணவர் இராமதாஸ் கிடைத்த வேலைக்குப் போகிறார், கிடைக்காத நாளில் படுத்துக்கிடக்கிறார். கார்குழலியின் வேலையில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

மூன்று மணிக்கு மேனகா கண் கலங்க வந்து நின்றாள். "பர்மிஷன் கேட்டேங்க்கா. இந்த மாசத்துக்கு முடிஞ்சிபோச்சுன்னுட்டாரு. புள்ள ஸ்கூல் கேட்டாண்டயே நின்னுக்கிட்டு இருப்பான். இன்னிக்கி மட்டும் தொட்டு வுடேன்."

"நல்லா கேட்ட போ. ரெண்டு பேரும் சேந்து வூட்டுக்குப் போவவா?"

மேனகா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கார்குழலிக்குப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கார்குழலி விடுவிடுவென்று கோபிநாத்தின் அறைக்குப் போய்விட்டுத் திரும்பினார். சாயங்காலம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக என்று வைத்திருந்த தன் பர்மிஷனை இப்போதே வாங்கியாயிற்று.

"கண்ணாஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது. புள்ளய நான் கூட்டியாந்து பக்கத்து வூட்டுல வுடறேன். ஸ்கூலுக்குப் போன் பண்ணிச் சொல்லு."

"நாளைக்கிக்கா?"

"நாளைக்கி வரட்டும்டி. இன்னிக்கே எனக்குத் தாங்கல."

பேசிக்கொண்டிருந்ததில் மேனகாவின் திரை பூட்டிக்கொண்டது. சாவியின் வட்டம் மினுக்கியது. பழக்கதோஷத்தில் நீண்ட விரலைக் கார்குழலி பாதியில் இழுத்துக்கொண்டு, மேனகாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.