சாட்சிக்கு வகுப்பு இருந்தது

பல்செட் செய்பவருக்கு மச்சினன் வைத்த பெயர் 'சாட்சி'. தான் உடம்புமல்ல, மனசுமல்ல, இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சி மட்டுமே என்று ஞாயிறுதோறும் ஒரு மாடி வகுப்பில் அவர் கற்றுவந்தார். கற்றுக்கொடுத்த ஆசான் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர்; காலம் முழுக்க ஊரார் கைகால்களுக்கு விலை போட்டுவிட்டு, 'நீ உடம்பல்ல' என்று சொல்ல வந்தவர்.

தொழிலில் சாட்சி கறார். பல்செட்டை மாட்டி நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, சாயம் ஒட்டிய பல்முனையை மட்டும் மயிரிழை தேய்ப்பார். யார் வாயில் எது உறுத்தும் என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டில் அந்தத் தொந்தரவை அவர் வைத்துக்கொள்ளவில்லை.

மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க டாக்டர் குறித்துக்கொடுத்த நாள், போதாத வேளை, ஞாயிறாக அமைந்தது.

"பயமா இருக்குங்க. கூட வந்து நில்லுங்க, போதும்."

"பயம் வரும், போகும். அதைப் பாக்கறதுதான் நீ. வகுப்பு முடிஞ்சதும் வந்துடறேன்."

"கோர்ட்டுலயே சாட்சி வரலைன்னா வாரண்ட் போடுவாங்க மாமா," என்றான் மச்சினன்.

இப்படிப்பட்ட நாளிலும் வந்தாரே என்று ஆசான் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்வார் என்று, அகந்தையை ஒழித்த அந்த மனிதருக்கு உள்ளூர ஓர் ஆசை.

போனால், வகுப்பு பூட்டிக் கிடந்தது. காரணம் சொல்ல ஆளில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். வகுப்பே இல்லை என்று தெரிந்தால் மச்சினன் வாய்க்கு அவல் ஆக வேண்டும். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, வரன் விளம்பரம் வரை பேப்பரைப் படித்துவிட்டு, வகுப்பு விடும் நேரத்துக்கு எழுந்தார்.

ஆபரேஷன் முடிந்து வார்டில் கண் திறந்து கிடந்தாள் மனைவி.

"இன்னிக்கு என்ன சொல்லிக்குடுத்தாரு?"

நடக்காத வகுப்பைச் சாட்சி நடத்தினார். அலை வேறில்லை, தண்ணீர் வேறில்லை. நோகிறவள் வேறில்லை, பார்க்கிறவன் வேறில்லை.

"நல்லாத்தான் சொல்லியிருக்காரு மாமா," என்றான் மச்சினன், முதல் தடவையாக மரியாதையோடு.

மனைவி அவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"உங்க ஆசான் கீழ் வார்டுலதான் இருக்காரு. என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போகும்போதே பாத்தேன். அவரு சம்சாரத்துக்கும் இன்னிக்குத்தான் ஆபரேஷனாம். விடிஞ்சதிலேர்ந்து அந்தம்மா கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காராம்."

பிறகு, உதட்டை நனைக்கச் சொல்லித் தம்பியைக் கூப்பிட்டாள்.