செதில் வைத்த ஆடு

நான் பயந்தாங்கொள்ளி. மனிசி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை. தபால்காரர் மணியடித்தால் குளியலறைக்குள் போய்விடுவேன். ரயிலில், பயணச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே பரிசோதகரைக் கண்டு வியர்ப்பேன். இப்படிப்பட்டவனின் முதுகில் ஏறித்தான் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுப் பாட்டுக் குழு ஒன்று பேர் எடுத்தது. அவர்கள் ஒவ்வொரு படி ஏற ஏற, நான் ஒவ்வொரு கிலோவாக இளைத்தேன்.

குழுவை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் மகள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் வசந்தம். சுவிஸின் எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணையாத நாட்கள். நானும் மனிசியும் வன்னிச் செய்திக்கு முன்னால் தட்டோடு உட்கார்ந்திருப்போம். தட்டில் இருப்பது அப்படியே இருக்கும். மகளுக்குப் பதினொரு வயது. அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, இணையத்தில் எங்கேயோ கண்டெடுத்த நாலு பேரின் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பாள். பாடுகிறவள் ஓர் இளம்பெண். கையில் மூன்று நரம்பு வைத்த வாத்தியம். சான்ஷின் என்று பெயராம். மற்ற மூவரும் கிட்டாரும் ட்ரம்முமாக அவளுக்குப் பின்னால் துள்ளுவார்கள். நாடு எரியும்போது இது என்ன கூத்து என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுவும் ஒரு தீவுதான் அப்பா," என்றாள். "சண்டை பட்ட தீவு. ஆனா இவை சிரிக்கினம்."

நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து அந்த நாலு பேரும் ஜெர்மனிக்கு வந்தார்கள். அவர்களுக்கு நிறுவனம் கிடையாது, முகவர் கிடையாது. தாங்களே பதிவுசெய்த இசைத்தட்டுகளைப் பயணப்பெட்டியில் அடைத்துக்கொண்டு ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். எனக்குக் கிழமை நாட்களில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலும் வார இறுதியில் பழைய நூல் ஆலையொன்றிலும் வேலை. அந்த ஆலை இப்போது கச்சேரி மண்டபம். என் வாத்தியம் கூட்டுகிற தும்புத்தடி. எனக்குத் தெரியாமல் மகள் மண்டப முதலாளிக்கு எழுதி, அவர் குழுவுக்கு எழுதி, எல்லாம் முடிவான பிறகு அவர் என்னிடம் வந்தார். அவர்களைப் பாசல் எல்லைக்கு அப்பால் போய் ஏற்றிவர ஒரு வான் கிடைக்குமா என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்குப் பயம் ஞாயிற்றுக்கிழமை பஸ் மாதிரி. பிந்தித்தான் வரும்.

வந்தது. அந்த வசந்தத்தில்தான் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். ஒரு கோப்பு, மூன்று தலை: நான், மனிசி, மகள். ஒருவரின் பெயரில் கறை விழுந்தால் மூவருக்கும் போச்சு என்று நான் நம்பினேன். மகளின் வகுப்பு லண்டனுக்குப் போனபோது அவளுக்கு மட்டும் விசா எடுக்கவேண்டியிருந்தது. விமான நிலையத்தில் முழு வகுப்பும் ஒரு வரிசையில் நிற்க, இவள் தனியாக மற்ற வரிசையில் நின்றாளாம். வீட்டுக்கு வந்து அழவில்லை. அடுத்தமுறை எல்லோரோடும் நிற்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். நான் கோப்பைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வான், தமிழ்க் கடை வைத்திருக்கும் சிநேகிதனுடையது. இரண்டு பக்கமும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வரைந்திருக்கும். உள்ளே கருவாட்டு வாசம், எவ்வளவு கழுவினாலும்.

சனிக்கிழமை முற்பகல், திரும்பும் வழியில் சுவிஸ் சுங்கச்சாவடி. அதிகாரி கார்களையெல்லாம் கையசைத்து விட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அந்தக் கை நின்றது. அவரைக் குறை சொல்லமாட்டேன். முருங்கைக்காய் வான், ஓட்டுகிறவன் தமிழன், பின்னால் நாலு ஜப்பானியர், கருவாடு: நானென்றாலும் நிறுத்தியிருப்பேன்.

இறைச்சி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். இந்த நாட்டில் எல்லோரும் மலிவு இறைச்சிக்கு ஜெர்மனிக்கு ஓடுகிறவர்கள். எல்லையில் அதுதான் வணக்கம் மாதிரி. இல்லை என்றேன். உண்மை. அந்த உண்மையோடு நான் வாயை மூடியிருக்கவேண்டும்.

பின்கதவைத் திறந்து வாத்தியப் பெட்டிகளைப் பார்த்தார். சான்ஷினை வெளியே எடுத்தார். அதன் வட்டமான அடிப்பகுதியில் பழுப்பும் வெள்ளையுமாகச் செதில் செதிலாகத் தோல். மலைப்பாம்புத் தோலில்தான் செய்வார்கள் என்று மகள் முதல்நாளே பாடம் எடுத்திருந்தாள். எங்கள் தொழிற்சாலையில் ஒருவன் தாய்லாந்திலிருந்து பாம்புத்தோல் இடுப்புப்பட்டி கொண்டுவந்து, அதைச் சுங்கத்தில் பறிகொடுத்து, தண்டமும் கட்டியவன். இந்த இரண்டு செய்தியும் என் மண்டைக்குள் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டன.

"இது என்ன தோல்?"

"கைஸ்," என்றேன். சுவிஸ் ஜெர்மனில் ஆடு.

அதிகாரி குனிந்து செதிலை விரலால் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆட்டுக்குச் செதிலோ?"

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அகதியாக வந்து முகாமில் இருந்த எங்களுக்கெல்லாம் ஒரே ஒரு சட்டம் தெரியும்: விசாரணையில் முதல் சொன்னதை மாற்றக்கூடாது. இரண்டாம் விசாரணையில் முதலாவதை எடுத்து ஒத்துப் பார்ப்பார்கள். அண்ணன் பிறந்த ஆண்டை முதலில் பிழையாகச் சொல்லிவிட்டவன், ஒரு தேதி பிசகினால் ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, அந்தப் பிழையைக் கட்டிக்கொண்டே பதினைந்து வருடம் இருந்திருக்கிறான். நான்தான் அவன்.

"அந்தத் தீவில ஆடு அப்பிடித்தான்," என்றேன்.

அவர் என்னோடு மினக்கெடாமல் பாடகியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் விரலால் தட்டிக் காட்டி, பிளாஸ்டிக் என்றாள். ஐரோப்பாவின் காய்ந்த குளிரில் உண்மைத் தோல் வெடித்துவிடுமாம். அதனால் பாம்புத்தோல் மாதிரி அச்சடித்த செயற்கைத் துணி போட்டதைத்தான் பயணத்துக்குக் கொண்டுவருவார்களாம். செய்தவரின் துண்டுச்சீட்டுக்கூடப் பெட்டிக்குள் இருந்தது. அதிகாரி அதைப் படித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"பிளாஸ்டிக்குக்கு ஏன் ஆடு எண்டு சொன்னீர்?"

அவர் என் வதிவிட அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டு சாவடிக்குள் போனார். கண்ணாடியூடாக அவர் எதையோ எழுதுவது தெரிந்தது. திரும்பி வந்து அட்டையைத் தந்து, போகலாம் என்றார். எதில் எழுதினார்? அரசாங்கப் பதிவிலா, மனைவி வாங்கிவரச் சொன்ன சாமான் துண்டிலா? மூன்று வருடம் நான் இதை மட்டும்தான் யோசித்தேன்.

வழியில் என் உடைந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். பாடகி மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தாள். பாதி வழியிலுள்ள ஓல்டன் நகரம் வரும்வரை நாலு பேரும் சிரித்தார்கள். அவர்கள் தீவில் ஆடு என்றால் விருந்தாம். பச்சையாகக்கூட மெல்லிசாக வெட்டிச் சாப்பிடுவார்களாம். அதைக் கேட்டு வான் ஒருக்கால் வெள்ளைக்கோட்டைத் தாண்டிவிட்டு வந்தது.

அன்று மண்டபத்தில் நாற்பது பேர், தும்புத்தடியோடு நின்ற என்னையும் சேர்த்து. நன்றாகப் பாடினார்கள் என்று மகள் சொன்னாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், சீருடை ஏதும் வருகிறதா என்று.

இலை உதிரும் காலத்தில் மகள் கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். குழுவின் புதுப் பாட்டு. தொடக்கத்திலேயே நடுங்கும் படத்தில் ஒரு வான், ஒரு சுங்கச்சாவடி, முன்னிருக்கையில் ஒரு வழுக்கைப் பின்மண்டை. ட்ரம் அடிக்கிற பெடியன் அன்று பின்னாலிருந்து கைபேசியில் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறான். பாட்டு அவர்களுடைய மொழியில். பல்லவி மட்டும் சுவிஸ் ஜெர்மனில்: கைஸ், கைஸ், கைஸ்.

"அப்பா, இது உங்கட மண்டை," என்றாள் மகள், பரிசு தருகிறவள் மாதிரி.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கையைப் பார்ப்பேன். முதல் கிழமை முந்நூறு. அதில் பாதி நான். பிறகு ஆயிரங்களில் ஏறியது. எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது. தாங்கமுடியாமல் பாடகிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவள் பணிவாக மன்னிப்புக் கேட்டு, என்னை யாரும் அடையாளம் காணாதபடி மாற்றிவிடுவதாகப் பதில் போட்டாள். மாற்றினார்கள். என் வழுக்கைக்கு மேல் இரண்டு கொம்பும் இரண்டு காதும் வரைந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உலகமே பார்க்கத் தொடங்கியது.

அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள். இந்தமுறை மண்டபத்தின் நுழைவுச்சீட்டு முழுவதும் வாரக்கணக்கில் முன்னதாகவே முடிந்துவிட்டது. கச்சேரிக்கு முதல்நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்து புது இசைத்தட்டுக்கு அட்டை மடித்தோம். அவர்கள் எல்லாவற்றையும் கையாலேயே செய்கிறவர்கள். அடுப்பில் ஆட்டுக்கறி. நான் ஒவ்வொரு அட்டையாக மடித்தேன்; ஒவ்வொன்றிலும் கொம்பு முளைத்த என் மண்டை.

மடித்துக்கொண்டே பாடகியிடம் கோப்பைப் பற்றிச் சொன்னேன். மூன்று தலை, சாவடிக்குள் எழுதியது, மகளின் வரிசை. மகள்தான் மொழிபெயர்த்தாள், தன் வரிசை வந்த இடத்தில் குரல் இறங்கியது. பாடகி கையிலிருந்த அட்டையை வைத்தாள். நீங்கள் வேண்டாம் என்றால் இந்த நாட்டில் அந்தப் பாட்டைப் பாடமாட்டோம் என்றாள். நாளைக்கு வருகிற சனம் அந்தப் பாட்டுக்காகத்தான் வருகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்படியில் நின்ற மனிசி திரும்பவே இல்லை.

"உங்கட பயத்துக்கு அதுகள் ஏன் வாயை மூடவேணும்?"

பாடுங்கோ என்றேன். சொல்லி முடித்த அந்தக் கணமே வருத்தப்பட்டேன். ஆனால் முதல் சொன்னதை மாற்றுகிற பழக்கம்தான் எனக்கு இல்லையே.

பாடினார்கள். சனம் கூரை அதிரக் கத்தியது. பிறகு வானொலியில் போட்டார்கள். தொழிற்சாலையில் என்னோடு நிற்கும் போர்த்துக்கேயன் பெட்டி அடுக்கும்போது அதை முணுமுணுத்தான். நிலக்கீழ் நடைபாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைஸ், கைஸ் என்று கத்திக்கொண்டு போனால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். லூசேர்ன் ஏரிக்கரையிலுள்ள பெரிய அரங்கம் அவர்களை அழைத்த அதே மாதத்தில், நகரசபை எங்களை நேர்காணலுக்கு அழைத்தது.

மேசைக்கு அந்தப்பக்கம் ஐந்து பேர், இந்தப்பக்கம் நாங்கள் மூவர், நடுவில் சோடாத் தண்ணீர். குப்பைப் பை விதிகள், மாநிலங்கள், அமைச்சர்கள் என்று எல்லாம் கேட்டார்கள். மனிசி என்னைவிட நன்றாகச் சொன்னாள். கடைசியாக, தலைமை தாங்கிய பெண்மணி அதிகாரிகளோடு எப்போதாவது பிரச்சினை இருந்ததா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அப்போது பக்கத்தில் மகளின் முழங்கால் ஆடுவதைக் கண்டேன். அந்தப் பாட்டின் தாளம். தெரியாமல்தான் ஆட்டினாள். பிள்ளையும் என்னைப் போலவே பயந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பதிலை ஒரு பதினைந்து வருடத்துக்கு அவளும் கட்டிச் சுமக்கப்போகிறாள்.

"இல்லை எண்டு சொன்னது பிழை," என்றேன். "ஒருக்கால் இருந்தது."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் சொன்னதை மாற்றினேன். வான், தோல், ஆடு, செதில், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் என் தொழிற்சாலை ஜெர்மனில் சொன்னேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முடிந்ததும், ஓரத்தில் இருந்த மீசைக்காரர் முன்னால் சாய்ந்து, அன்றைக்கு வானில் இறைச்சி ஏதும் இருக்கவில்லைத்தானே என்று கேட்டார்.

"இல்லை. ஒரு துண்டும் இல்லை."

அவர் தலையாட்டினார். மற்ற நாலு பேரும் தங்கள் தண்ணீர்க் குவளைகளைப் பார்த்தார்கள். சனிக்கிழமைகளில் யார் யார் எல்லைக்கு அப்பால் எதை வாங்குகிறார்கள் என்பதைப் பற்றி மேலே கதைக்க அந்த அறையில் ஒருவருக்கும் விருப்பம் இருக்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். தபால்காரர் மணியடித்த அன்று நான் வழக்கமான இடத்தில் இருந்தேன். கடிதம் கிழிபடும் சத்தம். பிறகு மனிசி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"வெளியில வாங்கோ. நீங்கள் சுவிஸ்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். முகம் கழுவவேண்டியிருந்தது.

ஏரிக்கரைக் கச்சேரிக்கு அவர்களிடம் சொந்த பஸ் இருந்தது. என் முருங்கைக்காய் வான் தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கான சனம் ஆட்டின் பெயரைக் கத்தியபோது நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். காவலுக்கு நின்ற இரண்டு பொலிஸ்காரரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடையில் மகள் மறுபடி லண்டனுக்குப் போனாள். எந்த வரிசை என்று நான் கேட்கவில்லை. அவளே ஒரு படம் அனுப்பினாள்: வரிசையில் முன்னால் நிற்கும் சிநேகிதியின் பின்மண்டை.

சிவப்புக் கடவுச்சீட்டு வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். மகளின் பிறந்தநாளுக்காக மனிசியும் நானும் எல்லைக்கு அப்பால் துருக்கிக் கடைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கினோம். ஆளுக்கு ஒரு கிலோதான் கொண்டுவரலாம். எங்களிடம் ஐந்து. மனிசி அதைப் போர்வையால் சுற்றித் தன் காலடியில் வைத்து, அதற்கு மேல் தன் கைப்பையையும் வைத்தாள். சாவடியில் கை நின்றது. அதே அதிகாரி இல்லை. ஆனால் அதே கேள்வி. என் கண் குளியலறையைத் தேடியது.

"ஓம்," என்றேன். "ஆடு. அஞ்சு கிலோ."

தராசில் நிறுத்தார்கள், தீர்வை கட்டினோம், விட்டார்கள். ஓல்டன் வந்தது. மனிசி போர்வையை மெதுவாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இண்டைக்குப் பாம்பெண்டு சொல்லியிருக்கலாமே."