ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்

1. டீசல் இல்லாத வாரம்

"கரண்ட் போச்சுன்னா சட்டியில கிடக்குற சோப்பு அம்புட்டும் இறுகிப் போயிரும். நீ என்னம்மா பாட்டிலக் குலுக்கிக்கிட்டு நிக்க?"

கேட்டவர் என் முதலாளி. ராஜபாளையத்தில் அவருடைய சலவை சோப்புக் கம்பெனியில் நான் கெமிஸ்ட். தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கும் டீசல் தட்டுப்பாடு. வீடு இருந்த மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, பெட்ரோல் பங்குகளின் முன்னால் ஆட்களுக்குப் பதில் காலி கேன்கள் வரிசையில் நிற்கும். எங்கள் ஜெனரேட்டர் டேங்கிலோ அடிமட்டம்தான்.

என் பாட்டிலில் இருந்தது புங்க எண்ணெய். வன்னியம்பட்டிப் பக்கத்துப் புங்கங்கொட்டையில் ஆட்டியது. சோப்புக்காகப் பீப்பாய் பீப்பாயாக வைத்திருந்தோம். அதை அப்படியே இன்ஜினில் ஊற்றினால், எண்ணெயைப் பீய்ச்சும் நாஸிலில் கரி பிடித்து அடைத்துவிடும். ஆனால் மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, சூடான எண்ணெயில் விட்டுக் கிளறினால் கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது டீசல் மாதிரியே இளகி ஓடும். இன்று அதை பயோடீசல் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். அன்று எங்கள் கம்பெனியில் அதற்குப் பெயர் 'அந்தப் பிள்ளையோட எண்ணெ'.

"செஞ்சு பாரு. ஆனா இன்ஜினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒனக்கு இங்க வேல இல்ல" என்றார் முதலாளி.

எங்கள் வீட்டில் சம்பளம் வாங்கும் ஆள் நான் ஒருத்திதான். இருந்தாலும் "சரி முதலாளி" என்றேன்.

2. கைப்பழக்கம்

முதல் தடவை கெட்டுப்போனது. காஸ்டிக்கை மெத்தனாலில் கரைக்கும்படி முத்துக்கனி அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன். சோப்புச் சட்டியிலேயே காலம் தள்ளியவர். அவர் கை, பழக்கத்தில், தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டது. இந்த வேலைக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. கிளறக் கிளற எல்லாம் கெட்டியாகிவிட்டது.

"நல்லாத்தான வந்திருக்கு, நொரையப் பாருங்க" என்றார் பெருமையாக. கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சோப்புக் கம்பெனியில் எரிபொருள் காய்ச்சினால் சோப்புதான் முதலில் வரும் போலிருக்கிறது.

அடுத்த தடவை நானே செய்தேன். மெத்தனால் விஷம், தீயும் பிடிக்கும். பீடியோடு ஒருவரையும் கிட்டே விடவில்லை. மறுநாள் கிளிசரினை வடித்தோம். மேலே நின்றதை வெந்நீரில் கழுவி, ஈரம் போகச் சூடாக்கி, டேங்கில் ஊற்றினோம்.

இன்ஜின் ஓடியது. கரும்புகை மெலிந்து, கண் எரிச்சல் குறைந்தது. ஜெனரேட்டர் பார்க்கும் சுப்பையா அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். "யாரோ பொறவாசல்ல வடை சுடுத மாதிரில்லா இருக்கு தாயி!"

3. வாசலில் நடந்தது

சில நாள் கழித்து, மதிய ஷிப்ட்டில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் செத்த நேரம் ஓடி, இருமி, நின்றுவிட்டது. சட்டியில் சோப்பு பாதி வேக்காட்டில் கிடந்தது. எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னாலும் முதலாளி கத்தினார்.

"படிச்ச திமிரு! இன்ஜினக் கெடுத்துட்டேல்ல? இப்பமே கெளம்பு!"

அவமானத்தில் காது சுட்டது. ஆனால் என் எண்ணெயை எனக்குத் தெரியும். "போறேன் முதலாளி. ஃபில்டரக் கழத்திப் பாத்துட்டுப் போறேன்."

சுப்பையா அண்ணாச்சி முதலாளி முகத்தைப் பார்த்தார். நான் காத்திருக்கவில்லை, ஸ்பேனரை எடுத்து நானே கழற்றினேன். உள்ளே தார் மாதிரி கருப்புக் கசடு.

"பாத்தியா ஒன் எண்ணெ செஞ்ச வேலைய?"

மீதமிருந்த என் எண்ணெயை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். மஞ்சளாக, அடி தெரியத் தெளிவாக இருந்தது.

"இதுல கருப்பு எங்க இருக்கு, சொல்லுங்க. இது வருசக்கணக்கா டீசல் ஊத்தி டேங்க்ல ஒட்டுன அழுக்கு. என் எண்ணெ அதக் கழுவி விட்டுருக்கு. கழுவுனது தப்பா, சேத்து வச்சது தப்பா?"

சுப்பையா அண்ணாச்சி மெல்லச் சொன்னார்: "நான் வந்ததுல இருந்து டேங்க் கழுவல முதலாளி."

டேங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, குழாயில் சிக்கிய காற்றை எடுத்து, அதே எண்ணெயை ஊற்றினோம். ஹேண்டிலைச் சுற்றியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சோப்பும் தப்பியது.

சாயங்காலம் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டு, "சரிம்மா, நாளைக்கு வந்துரு" என்றார்.

"போகச் சொன்னது வாசல்ல வச்சு. வரச் சொல்றதையும் அங்கன வச்சே சொல்லுங்க" என்றேன்.

என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், ஷிப்ட் முடிந்து கிளம்பியவர்களை நிறுத்திச் சொன்னார்: "இன்ஜின் நின்னது டேங்க் அழுக்கால. இந்தப் பிள்ள மேல தப்பில்ல."

தட்டுப்பாடு தீர்ந்ததும் அவர் டீசலுக்கே திரும்பிவிட்டார். அது அவர் இஷ்டம். மரத்தில் காய்ப்பதை வைத்து இன்ஜினை ஓட்ட முடியும் என்று நான் ஓட்டிக் காட்டியாயிற்று. அதை யாரும் இல்லையென்று ஆக்க முடியாது.

புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளே, ஏதாவது நின்றுபோனால் புதிதாக வந்ததன் மேல்தான் முதலில் பழி விழும். உங்களை வெளியே போகச் சொன்னால் போகலாம். ஃபில்டரைக் கழற்றாமல் மட்டும் போகாதீர்கள்.